குடும்ப டாக்டர் கிளினிக்கில் ஃபார்மசி மாணவர்களைப் பழக்குவது எப்படி: நான்கு வாரத்துக்கான முழு வழிகாட்டி

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். காலை 9 முதல் 1 வரை, மாலை 5 முதல் 9 வரை. ஒரு முறைக்கு இரண்டு மாணவர்கள், நான்கு வாரம். இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்ளப்போகும் ஃபார்மசிஸ்ட்டுகளுக்கும் குடும்ப டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வார்டில் பழகிவிட்டு வரும் மாணவர்கள் இங்கே முதல் வாரம் தடுமாறுவார்கள். வார்டில் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க நர்ஸ் இருக்கிறார். கிளினிக்குக்கு வருபவருக்கு வீட்டில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? அவரே பார்ப்பார், இல்லாவிட்டால் மருமகள், சில வீடுகளில் ஐந்தாம் வகுப்புப் பேரன். அந்த ஆளிடம் கேட்கவும் பேசவும் தெரியாத மாணவருக்கு ஃபார்மகாலஜி எவ்வளவு தெரிந்திருந்தாலும் இங்கே வேலைக்கு ஆகாது. கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான். வரிசையை மாற்றியும் செய்து பார்த்தேன், சரிவரவில்லை.

1. மாணவர் வாசலுக்கு வருவதற்கு முன்

முதலில் கல்லூரியிடம் எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று: இந்த நாட்கள் மாணவரின் எந்தக் கணக்கில் சேரும்? ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பின் ஆறாம் ஆண்டுப் பயிற்சியில் ஆறு மாதம் பொது மருத்துவத் துறை, மற்ற மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம் என்று விதியே பிரித்து வைத்திருக்கிறது. டி.ஃபார்ம். (டிப்ளமோ) மாணவருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம், அதில் 250 மணி நேரமாவது டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையிலேயே கழிய வேண்டும். உங்கள் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடமே இல்லையென்றால் அந்த 250 மணி நேரம் உங்களிடம் நிறையாது. முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அழப்போவது மாணவர்தான்.

ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றாமவர் வந்தால் யாராவது ஒருவர் சுவரோரம் நின்று போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. மூன்று வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே நோயாளிக்குப் பாதி வாய் அடைத்துப்போகிறது. அதனால் இங்கே கோட்டும் கிடையாது, பெயர் அட்டை மட்டும்தான்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்சுலின் ஊசி தொடும் இடம் இது. போனில் சீட்டைப் படம் எடுக்கக் கூடாது, நோயாளியின் பெயரைத் தன் நோட்டில் எழுதக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுங்கள். படிப்புக்காக என்று சொல்லித்தான் படம் எடுப்பார்கள். சாயந்தரம் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும்.

மேசையில் இருக்க வேண்டியவை: காலி இன்ஹேலர் ஒன்று, மருந்து இல்லாத ரோட்டாஹேலர் (பொடி மருந்தை மூச்சில் இழுக்கும் கருவி) ஒன்று, இன்சுலினுக்கான 40 யூனிட் சிரிஞ்சும் 100 யூனிட் சிரிஞ்சும் தனித்தனி டப்பாவில், ஒரு வெள்ளைத் தட்டு. தட்டு எதற்கு என்பது நான்காம் படியில் வரும்.

2. டாக்டரோடு முன்கூட்டியே பேசி முடிப்பது

மாணவர்கள் வந்த பிறகு இதைப் பேச நேரம் இருக்காது. திங்கட்கிழமை காலை டோக்கன் நாற்பதைத் தாண்டும்போது டாக்டரிடம் கொள்கை பேச முடியுமா?

எப்போது கதவைத் தட்டலாம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களிடம் நான்கு விஷயத்துக்கு உடனே தட்டலாம்: ஒவ்வாமை, கர்ப்பம், பத்து மடங்கு டோஸ் போலத் தெரியும் எழுத்துப்பிழை, மயக்கம் வருவது போல் இருக்கும் நோயாளி. மற்றதெல்லாம் சின்னச் சீட்டில் எழுதி என்னிடம் வர வேண்டும்.

அடுத்தது, நோயாளி முன்னால் யாரும் டாக்டரை மறுத்துப் பேசக் கூடாது. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். "டாக்டர் எழுதினது தப்பாம்" என்று காதில் விழுந்தவர் அந்த ஒரு மாத்திரையோடு நிறுத்த மாட்டார், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

சட்டத்தையும் மாணவருக்கே சொல்லிவிடுங்கள். சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்டின் வேலை என்கிறது 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம். மாணவர் எடுத்து வைக்கலாம், நான் பார்த்துத்தான் கைக்குப் போகும். டோஸ் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் வாயிலிருந்து மட்டுமே வரும்.

3. முதல் இரண்டு நாள்: டோக்கன் பக்கத்தில் உட்காரவையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகத்தான் எல்லோருக்கும் ஆசை. மாணவருக்கும் போரடிக்கும். விடாதீர்கள்.

இரண்டு நாளும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. டோக்கன் கொடுக்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வருபவர்கள் தங்கள் மாத்திரையை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். "நெஞ்சு மாத்திரை", "வெள்ளைக் குட்டி மாத்திரை", "காஸ் மாத்திரை", "ரத்தம் மெலிசாக்குற மாத்திரை", "தூக்கத்துக்குக் குடுத்தது". எந்தக் காய்ச்சல் மாத்திரை போட்டாலும் "டோலோ". அதில் பாதி டோலோவாகவே இருக்காது. இரண்டாம் நாள் மாலை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எது என்ன மருந்தாக இருக்கலாம் என்று மாணவர்களே ஊகிக்க வேண்டும். "நெஞ்சு மாத்திரை" ஆஸ்பிரினாகவும் இருக்கலாம், அசிடிட்டி மாத்திரையாகவும் இருக்கலாம் என்று புரியும்போது முகத்தில் ஒரு மாற்றம் வரும். அந்த முகத்துக்காகத்தான் இரண்டு நாள்.

மொழி இன்னொரு காரணம். எங்கள் வாசலில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் நடக்கும். சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்த மாணவருக்குக் கன்னடம் வராது. பரவாயில்லை, பத்து வார்த்தை போதும். "ஊட்டக்கெ முஞ்சே" என்றால் சாப்பாட்டுக்கு முன், "ஊட்ட ஆத மேலெ" என்றால் சாப்பிட்ட பிறகு, "பெளிகெ" காலை, "ராத்ரி" இரவு. உருது பேசுபவரிடம் "காலி பேட்" என்றால் வெறும் வயிறு. இதை அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வராத மொழியில் நீளமாக விளக்கப் போகாமல் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதும் ஒரு பாடம்தான்.

4. மூன்றாம் நாள்: பையைக் கொட்டிப் பார்ப்பது

நான்கு வாரத்தில் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நோயாளியிடம் முந்தைய வருகையிலேயே, "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும், தைலம், லேகியம் உட்பட, பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். "மாத்திரை கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் நாம் கொடுத்ததை மட்டும்தான் கொண்டுவருவார்கள்.

வரிசை இப்படி. பையைத் தட்டில் கொட்ட வேண்டும். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாத்திரை அட்டையாக நோயாளியின் கையில் கொடுத்து மூன்று கேள்வி: இது எதுக்கு? எப்பப் போடுறீங்க? நேத்து போட்டீங்களா? மூன்றும் முடிந்த பிறகுதான் சீட்டைத் திருப்பலாம்.

சீட்டை ஏன் கவிழ்க்க வேண்டும்? முதலில் சீட்டைப் படித்த மாணவர், "இதைக் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுறீங்கதானே?" என்று கேட்பார். எந்தப் பாட்டி "இல்லை" என்று சொல்வார்? "ஆமாம்பா" என்று தலையாட்டிவிட்டுப் போவார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய பாட்டி, மஞ்சள் பை. தட்டில் பதினோரு அட்டைகள் விழுந்தன. நான்கு அட்டைகள் பாதியாக வெட்டியவை, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டில் போய்விட்டன. கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று வந்திருந்தார். மாணவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓர் அட்டையைக் கையில் எடுத்து, "இது உங்க டாக்டர் குடுத்த பி.பி. மாத்திரை" என்றார். ஐந்து மில்லிகிராம் அம்லோடிபின். அடுத்த அட்டைக்கு, "இது பையன் கூட்டிட்டுப் போன எடத்துல குடுத்தது, இதுவும் பி.பி.க்குத்தான், கொஞ்சம் பெருசு" என்றார். அது டெல்மிசார்டன் என்ற இன்னொரு பி.பி. மருந்தும் ஐந்து மில்லிகிராம் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை. ஆக, தினம் பத்து மில்லிகிராம் அம்லோடிபின் உள்ளே போகிறது. அந்த மருந்துக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு, டோஸ் ஏற ஏறக் கூடும். மூன்றாவது அட்டை நீர் மாத்திரை. கால் வீக்கத்துக்காக வேறொரு இடத்தில் எழுதியது. "கோயிலுக்குப் போற அன்னிக்கு இதைப் போட மாட்டேன், அடிக்கடி போகணும் பாரு" என்றார்.

ஒரே மருந்து இரண்டு பெயரில், அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து. சீட்டை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது, ஏனென்றால் எங்கள் சீட்டில் முதல் மாத்திரை மட்டும்தான். டாக்டர் கூட்டு மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து பி.பி.யையும் காலையும் பார்க்க வரச் சொன்னார்.

பையில் அடிக்கடி கிடைக்கும் மற்றவற்றையும் மாணவரிடம் சொல்லி வையுங்கள். பாராசிட்டமால் தனியாக ஒன்று, சளி மாத்திரைக்குள் ஒளிந்துகொண்டு ஒன்று. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை: டெல்மிசார்டன் போன்ற மருந்தும் நீர் மாத்திரையும் போடுபவர் இதையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கர்நாடக அரசின் "நம்ம கிளினிக்" மையத்தில் இலவசமாக வாங்கிய சுகர் மாத்திரையும் இங்கே எழுதிய அதே மாத்திரையும் ஒன்றாகக் கிடக்கும். இதற்கெல்லாம் யாரையும் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை பாதிப் பையோடுதான் வருவார்.

5. சீட்டைச் சரிபார்ப்பது

பை பார்க்கப் பழகிய பிறகு, நான்காம் ஐந்தாம் நாள்தான் சீட்டு. இதில் மாணவர்கள் ஏற்கனவே கெட்டி, சீக்கிரம் முடியும். நான் வைத்திருக்கும் வரிசை: ஆள், நோய், டோஸ், சிறுநீரகம், இரட்டிப்பு, சாப்பாடு.

ஆள் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. ஒரே வீட்டிலிருந்து அப்பாவும் மகனும் வருவார்கள், இனிஷியல் மட்டும் வேறு. சிறுநீரகம் என்று வரும்போது, மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து போடுபவரின் கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எப்போது எடுத்தது என்று தேடவையுங்கள். அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் அளவு (eGFR) 30க்குக் கீழே போனால் அந்த மருந்தைத் தொடரக் கூடாது. கணக்கு எல்லோரும் போடுவார்கள், அறிக்கையின் தேதியைப் பார்க்க மறப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கிரியாட்டினினை வைத்துப் போட்ட கணக்கு எதற்கு?

இரண்டு பொறிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சுகர் கூட்டு மாத்திரைப் பெயர்களின் வால்: எம், எம்1, எம்2, ஃபோர்ட். முன்பாதிப் பெயரை மட்டும் படித்தால் உள்ளே இருக்கும் கிளிமெபிரைடு என்ற சுகர் மருந்து ஒரு மில்லிகிராமா இரண்டா என்பது தப்பிப்போகும். இன்னொன்று மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் போடும் மருந்து, தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதியிருக்கிறதா, நோயாளி வாயால் அந்தக் கிழமையைச் சொல்கிறாரா, இரண்டையும் பார்க்காமல் அந்த மருந்து கிளினிக்கை விட்டுப் போகக் கூடாது.

6. இரண்டாம் வாரம்: நோயாளியிடம் பேசுவது

முதல் முறை பேசும் மாணவர் ஆறு நிமிடம் பேசுவார். நோயாளி ஆறு நிமிடமும் "சரி, சரி" என்பார். வெளியே போய் டோக்கன் அக்காவிடம், "அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுச்சு, எப்பப் போடணும்?" என்று கேட்பார். இதை மாணவர் காதால் கேட்பது நல்லது. எங்கள் கிளினிக்கின் சுவர் மெல்லியது, அதில் இப்படியும் ஒரு லாபம்.

விதி: ஒரு வருகையில் மூன்று விஷயம்தான். எதற்கு, எப்போது, எது நடந்தால் உடனே வர வேண்டும். மீதி அடுத்த முறை. இது குடும்ப கிளினிக், அவர் அடுத்த மாதமும் வரத்தான் போகிறார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரிடம் பேசுவது போல எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு இங்கே தடை. அதற்குப் பதில் எப்போதும் "புரிஞ்சுது" தான். "வீட்டுக்குப் போய் மருமக கேட்டா எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் தப்பு இருந்தால், "நான் சரியாச் சொல்லல, இன்னொரு தடவை சொல்றேன்" என்று மாணவர்தான் பழியை ஏற்க வேண்டும்.

வார்த்தைகளும் ஏமாற்றும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னோம். ஓர் அம்மா மூன்று மாதமாகத் தவறாமல் போட்டும் அறிக்கை சரியாகவில்லை. மாணவன் கேள்வியை மாற்றிப் போட்டான்: "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ணுவீங்க, வரிசையாச் சொல்லுங்கம்மா." ஐந்தரைக்குப் பால் வரும், காபி போடுவேன், குடிப்பேன், அப்புறம் மாத்திரை என்றார். "வெறும் வயித்துலதானே போடச் சொன்னோம்?" "வெறும் வயிறுதான்பா, காபிதானே குடிச்சேன், ஒண்ணும் சாப்பிடலையே!" நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. ஆனால் தைராக்ஸின் உடம்பில் சேர்வதை அது குறைக்கும். இப்போது நாங்கள் "வெறும் வயிறு" என்று சொல்வதே இல்லை. "எழுந்ததும் தண்ணியில மாத்திரை, அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி" என்கிறோம். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி.

விரதத்தையும் கேட்கப் பழக்குங்கள். கிருத்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை, ரம்ஜான் நோன்பு. கிளிமெபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் இறங்கிவிடும். "விரதம் இருப்பீங்களா?" என்று கேட்டால் சிலர் மறைப்பார்கள். "விரத நாள்ல மாத்திரையை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பதிலை டாக்டரிடம் கொண்டுபோவது வரைதான் மாணவர் வேலை. அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்பதை அவர் சொல்வார்.

7. கையால் செய்து காட்டும் மருந்துகள்

இன்ஹேலரும் இன்சுலினும் வாயால் சொல்லித் தீராது. மாணவர் முதலில் என் முன்னால் செய்து காட்ட வேண்டும். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு முன் ஒரு நிமிடம். ஸ்டீராய்டு என்றால் கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும். படித்தவர்களில்கூடப் பாதிப் பேர் மூச்சை வெளியே விடாமலே இழுப்பார்கள்.

ரோட்டாஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய ரோட்டாகேப்பைத் தண்ணீரில் விழுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது காப்ஸ்யூல் போலவே இருந்தால் அவர்தான் என்ன செய்வார்? அதனால் நோயாளியிடம் விளக்கம் கேட்காதீர்கள், "எப்படிப் போடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

இன்சுலினில் என் தப்பு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் கிடைக்கும், 100 யூனிட் என்றும் கிடைக்கும். சிரிஞ்சும் அப்படியே: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. முதல் வருடம் நான் மேசையில் ஆரஞ்சு மூடி மட்டும் வைத்திருந்தேன். மாணவர் அதை வைத்து ஒரு நோயாளிக்கு அழகாகச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சி சிரிஞ்சுகளில் இரண்டைக் கையிலும் கொடுத்தனுப்பினோம். அந்த நோயாளி வீட்டில் இருந்தது 40 யூனிட் குப்பி. ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் இறங்கவே இல்லை. நல்லவேளை, டாக்டர் டோஸைக் கூட்டுவதற்கு முன் சிரிஞ்சைக் கொண்டுவரச் சொன்னார்.

தலைகீழாக நடந்திருந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். அதனால் மாணவர் இந்தக் கணக்கு இரண்டையும் தாளில் போட்டுக் காட்டிய பிறகே இன்சுலின் மேசைக்கு வர வேண்டும். நோயாளி தன் குப்பியையும் தன் சிரிஞ்சையும் கொண்டுவராத நாளில் சொல்லிக்கொடுப்பது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. டாக்டரிடம் ஒரு நிமிடத்தில் சொல்வது

இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து மாணவர் நேராக டாக்டரிடம் பேசலாம். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சார், இவங்களுக்கு அம்லோடிபின் இருக்கு, டெல்மிசார்டன் இருக்கு, மெட்ஃபார்மின் இருக்கு, அம்லோடிபின் கால்சியம் சேனல் பிளாக்கர்..." டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்.

கண்டுபிடித்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "சார், 14ஆம் டோக்கன் பாட்டிக்கு அம்லோடிபின் ரெண்டு அட்டையில போகுது, மொத்தம் பத்து மில்லிகிராம். கால் வீக்கம் அதனால இருக்கலாம். ஒண்ணை நிறுத்தலாமான்னு பாருங்க." முப்பது நொடிகூட ஆகாது. என்ன, ஏன், என்ன செய்யலாம், அவ்வளவுதான்.

வழிகாட்டியாக நமக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, கஷ்டமான வேலை: வாயை மூடிக்கொண்டிருப்பது. மாணவர் வந்து ஒன்றைச் சொன்னதும் பதில் நம் நாக்கு நுனியில் நிற்கும். சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். அப்புறம் "எதை வச்சு அப்படிச் சொல்றே?" சரியாகச் சொன்னது எது என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு தப்பைத் திருத்துங்கள். தப்பை மட்டும் சொல்லிப் பழக்கிய மாணவர் மூன்றாம் வாரத்தில் ஊகிப்பதையே நிறுத்திவிடுவார். டாக்டர் முன்னால் திருத்தவே வேண்டாம், டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

9. எழுதி வைப்பது, பக்கவிளைவைத் தெரிவிப்பது

ஒரு நாளைக்கு இரண்டு நோயாளி, ஆளுக்கு அரைப் பக்கம் போதும். என்ன பார்த்தேன், டாக்டரிடம் என்ன சொன்னேன், அவர் என்ன செய்தார். டாக்டர் நம் யோசனையை ஏற்காத நாட்களைத்தான் நான் முதலில் படிப்பேன். ஏற்காததற்குப் பெரும்பாலும் நமக்குத் தெரியாத ஒரு காரணம் இருக்கும்: அந்த மருந்து முன்பே கொடுத்துப் பார்த்து ஒத்துவரவில்லை, அல்லது மாதம் அவ்வளவு செலவு செய்ய வீட்டில் வழியில்லை.

ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கவிளைவுப் படிவமாவது நிரப்ப வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவம் அது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். எனாலாப்ரில் என்ற பி.பி. மருந்து ஆரம்பித்த பிறகு வரும் வறட்டு இருமல் முதல் படிவத்துக்கு நல்ல உதாரணம். மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்துக்கொண்டிருப்பவரிடம், பி.பி. மாத்திரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டாலே போதும்.

மாணவர்கள் இரண்டு இடத்தில் தயங்குவார்கள். நிரூபிக்க வேண்டுமோ என்பது முதல் தயக்கம். வேண்டாம், சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம். தெரிந்த பக்கவிளைவுதானே, எதற்கு அனுப்ப என்பது அடுத்தது. தெரிந்ததையும் அனுப்பலாம். பெயர் எழுத வேண்டாம், இனிஷியல் போதும். மாத்திரை ஆரம்பித்த தேதியும் தொல்லை ஆரம்பித்த தேதியும் இல்லாமல் வரும் படிவத்தை மட்டும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த இரண்டு தேதியும் இல்லாவிட்டால் எதனால் எது வந்தது என்று யாராலும் யோசிக்க முடியாது.

10. மூன்றாம், நான்காம் வாரம்: அதே ஆளை மறுபடி பார்ப்பது

முதல் வாரத்தில் பை பார்த்தவர்களில் ஐந்து பேரை ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்குங்கள். ஒரு வாரம் கழித்துக் கிளினிக் போனிலிருந்து கூப்பிட வேண்டும், சொந்தப் போனிலிருந்து கூடாது. காலை பதினொன்றரைக்குப் பேசினால் எடுப்பார்கள், சாயந்தரம் சீரியல் நேரத்தில் எடுக்க மாட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: "நேத்து என்னென்ன மாத்திரை போட்டீங்க?" நாம் சொன்னதில் எவ்வளவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

போன் எடுத்த மருமகளிடம் நோயாளியின் எல்லா மருந்தையும் ஒப்பிக்கக் கூடாது. யாரிடம் பேசலாம் என்பதை நோயாளியிடமே முன்பே கேட்டு எழுதியிருக்க வேண்டும். மனநலம், பால்வினை நோய் மருந்துகளுக்கு இது இன்னும் கறார்.

நான்காம் வாரம் மதிப்பீடு. கேள்வித்தாள் வேண்டாம். மாணவர் ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் கடைசி வரை பார்க்கட்டும், நீங்கள் மூலையில் உட்கார்ந்து குறுக்கிடாமல் பாருங்கள். நான் குறிப்பது நான்கு: சீட்டைக் கவிழ்த்து வைத்தாரா, பதிலைக் கேள்வியில் வைத்தாரா, நோயாளியைத் திருப்பிச் சொல்லவைத்தாரா, தனக்குத் தெரியாததை "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாரா. கடைசி ஒன்றுக்கு நான் மதிப்பெண் அதிகம் போடுவேன். தெரியாமல் அடித்துவிடும் பதில்தான் கிளினிக்கில் எனக்குப் பயம்.

கடைசி நாள் மாலை ஒப்படைப்பு. அந்த ஐந்து பேரின் கிளினிக் அட்டை எண், அடுத்து வரும் தேதி, பாக்கி இருக்கும் ஒரே ஒரு கேள்வி, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அடுத்த குழுவுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். பாட்டியின் தாளில் மாணவி எழுதியது: "வீக்கம் குறைஞ்சாச்சு. நீர் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட மனசில்லாம வீட்லயே வச்சிருக்காங்க. அடுத்த தடவை கையோட வாங்கிடுங்க." சிரிஞ்சு டப்பாக்களில் இரண்டு நிற மூடியும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.